பின்சீட்டுச் சூடு

என் வயதை ஒத்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். இப்போது நமக்குத் தலை வலித்தால் பிள்ளைகள் ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போகிறார்கள். நம் சிறுவயதில் தலைவலிக்குப் பேதிதான் கொடுத்தார்கள். வயிற்றுவலிக்கும் பேதி, முகம் வாடினாலும் பேதி, பரீட்சையில் புள்ளி குறைந்தாலும் பேதி. ஒரே ஒரு மழைக்காலத்தில் நான் குடித்த விளக்கெண்ணெயைக் கோயிலுக்குக் கொடுத்திருந்தால் மார்கழி முழுவதும் விளக்கு எரிந்திருக்கும்.

எனக்கு அப்போது பதினொரு வயது, தம்பிக்கு ஏழு. திகன கடைவீதியில் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. பள்ளிக்கூடம் கண்டியில். பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராது. வாகனத்துக்கு உதிரிப்பாகம் கேட்டால் கடைக்காரர் பதில் சொல்லாமல் சிரிப்பார். அந்த நாளில் ஒரு வேன் ஓடியது என்றால் அதை வைத்திருந்தவரின் கைவேலையால்தான் ஓடியது.

எங்களைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவரை வேன் நானா என்போம். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் அப்பாவும் அவரை நானா என்றார், அவரும் அப்பாவை அண்ணாச்சி என்றார், யார் மூத்தவர் என்பது கடைசிவரை முடிவாகவில்லை. ஒல்லியான மனிதர். சாரத்தை மடித்துக் கட்டி, வேனுக்கு அடியில் பாதி உடம்பை விட்டுக்கொண்டுதான் பெரும்பாலும் காட்சி தருவார். அவர் முகத்தைவிடக் கணுக்காலைத்தான் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வேனில் எல்லாமே வேறொன்றாக இருந்து வேனுக்கு வந்தவை. கதவுப் பிடி ஒரு அலுமாரியுடையது. பக்கக் கண்ணாடிகள் போய்விட்டதால் இரண்டு பக்கமும் தார்ப்பாய். வெயிலில் சுருட்டி மேலே கட்டுவார், மழையில் இறக்கிவிடுவார். திரும்பும் விளக்கு எரியாது. அதனால் நானா எந்த மழையிலும் தன் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்து, வலது கையை வெளியே நீட்டியபடிதான் ஓட்டுவார். அந்தச் சட்டைக் கை மட்டும் மழைக்காலம் முழுவதும் காயவே காயாது.

வேனுக்கு அடியில் போகும் சைலன்சர் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகிப் போயிருந்தது. நானா ஒரு பால்மாத் தகரத்தை வெட்டி அதைச் சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டினார். குழாய்க்கு நேர் மேலே, பின்சீட்டுக் காலடியில் தரையும் அரித்து, இரண்டு கை அகலத்துக்குத் திறந்துவிட்டது. அதற்கு ஒரு பலகை, பலகைக்கு மேல் ஒரு சணல் சாக்கு.

அந்தச் சாக்குத்தான் எங்கள் சொர்க்கம். மழை பெய்யும் காலையில், நனைந்த சப்பாத்தோடு ஏறி, காலை அந்தச் சாக்கின் மேல் வைத்தால் கீழிருந்து இதமாகச் சூடு வரும். ஐந்து நிமிடத்தில் காலுறை காய்ந்துவிடும். முன்னால் இருந்தவர்கள் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே பின்சீட்டுக்கு ஒவ்வொரு நாளும் சண்டை, ஒவ்வொரு நாளும் ஜெயிப்பது நான். ஐந்து பேர் உட்காரலாம். என் பக்கத்தில் தம்பி, மற்ற மூன்று இடமும் எனக்கு வேண்டியவர்களுக்கு. எனக்கு வேண்டியவராக இருப்பது அவ்வளவு சுலபமில்லை. நெல்லிக்காய் கொண்டுவர வேண்டும்.

தபால் மாஸ்டரின் மகனுக்கு மட்டும் அந்தக் கனவே கிடையாது. வேன் நகர்ந்தாலே அவனுக்கு வாந்தி வரும். அதனால் நானாவோடு முன்சீட்டில், மறு ஓரத்தில், திறந்த ஜன்னல் காற்று முகத்தில் அடிக்க, தலையில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நடுவில் நானாவின் மகள். அவர்கள் இருவரையும் பார்த்து நாங்கள் பின்னாலிருந்து சிரிப்போம்.

ஐப்பசி மழை பிடித்தது. தார்ப்பாய் இறங்கியது. இரண்டாவது வாரமே எனக்குத் தலைவலி ஆரம்பித்துவிட்டது.

வேனை விட்டு இறங்கும்போது இரண்டு பக்க நெற்றியிலும் யாரோ அம்மி அரைப்பதுபோல இருக்கும். கால் சோர்ந்து, வாய் கசக்கும். முதல் பாடத்தில் கரும்பலகை இரண்டாகத் தெரியும். பத்து மணி இடைவேளைக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும். பின்னேரம் வீடு திரும்பும்போது மறுபடியும் வந்துவிடும். தம்பி சொல்லத் தெரியாமல் வாந்தி எடுத்தான். என் நெல்லிக்காய்த் தோழிகளும் அப்படியே.

என் வகுப்பு டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். தூங்குகிறேன் என்று என்னை வாங்குப் பலகைமேல் ஏற்றி நிற்க வைத்தார். நான் நின்றபடியே தூங்கினேன். அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“இரவிரவா இவள் என்ன செய்யிறவள்? காலமை வந்த உடனே மேசையில தலையை வைக்கிறாள். பாட்டுப்போட்டிக்கு வாய் திறக்கிற பிள்ளை, கணக்குக்கு மட்டும் கண்ணை மூடுது” என்றார்.

இந்த வாக்கியத்தை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து, கடையில் நின்றவர்கள் முன்னாலேயே அப்பாவிடம் ஒப்புவித்தார். கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பூச்சி என்றார் ஒருவர். அந்தச் சனிக்கிழமை பேதி கொடுத்தார்கள். சனிக்கிழமை பகல் முழுவதும் நானும் தம்பியும் கொல்லைப்புறத்துக்கு ஓடினோம். ஞாயிற்றுக்கிழமை தலைவலி சுத்தமாக இல்லை. அம்மா வெற்றிப் பெருமிதத்தோடு போத்தலை அலுமாரியில் வைத்தார். திங்கட்கிழமை வேனில் போய் இறங்கினேன், தலைவலி. பூச்சி இன்னும் மிச்சமிருக்கிறது என்று முடிவானது. அடுத்த சனி மறுபடியும் பேதி, ஞாயிறு மறுபடியும் சுகம். இதைவிட உறுதியான ஆதாரம் ஒரு வைத்தியத்துக்கு வேண்டுமா? நான்கு சனிக்கிழமைகள் இப்படிப் போயின.

அப்பாவுக்கு மட்டும் அந்த ஆதாரம் வேறு விதமாகப் பட்டது. சனி ஞாயிறு வந்தால் ஓடிவிடும் வியாதிக்குப் பெயர் சோம்பேறித்தனம் என்றார். இருந்தாலும் மனம் கேட்காமல் என்னைக் கண்டியில் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டினார். எனக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. அந்தக் கண்ணாடியைப் போட்டால் படிகள் எல்லாம் மேலே எழும்பி வரும். தலைவலியோடு தடுக்கி விழுவதும் சேர்ந்துகொண்டது. அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நெடி வரவில்லையாம், அவ்வளவு பெரிய கண்ணேறு. எனக்கோ மூச்சுவிட முடியாத இருமல்.

எல்லாரையும்விட மனம் நொந்தவர் வேன் நானாதான். தன் வேனில் ஏறும் பிள்ளைகள் வாடிப்போவதை அவரால் தாங்க முடியவில்லை. பள்ளிவாசலுக்குப் போய் ஓதின தண்ணீர் ஒரு போத்தல் கொண்டுவந்து, பின்சீட்டில் இருந்த ஐந்து பேருக்கும் மூடி மூடியாகக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. புள்ளையளுக்குக் குளிர் அடிச்சுத்தான் இப்படி ஆகுது என்று முடிவு செய்து, தார்ப்பாயின் ஓரங்களில் புதிதாக வளையம் தைத்து, காற்று புகாதபடி கயிறு கோத்து இறுக்கிக் கட்டினார். பின்கதவு இடுக்கில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினார். அந்த வேலையைச் செய்ய அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. திங்கட்கிழமை நாங்கள் ஏறியபோது உள்ளே அடைகோழியின் கூடுபோல வெதுவெதுப்பு. “இப்ப எப்பிடி ஈக்கிது?” என்று பெருமையாகக் கேட்டார். நன்றாக இருக்கிறது நானா என்றோம். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

அந்த வாரத்தின் நடுவில்தான் மரம் விழுந்தது.

இனி வருவதில் பெரும்பகுதியை நான் பார்க்கவில்லை. தபால் மாஸ்டரின் மகன் பார்த்தான். பிற்காலத்தில் அவரையே நான் கல்யாணம் செய்துகொண்டதால் நாற்பது வருடமாக இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மரம் கொஞ்சம் பெருக்கிறது. வாந்தி எடுத்தவன்தான் உயிர் பிழைத்தவன் என்பதைச் சொல்லாமல் அவர் முடிப்பதில்லை.

சுண்ணாம்புச் சூளைகள் இருந்த ஒரு வளைவில், பாதைக்குக் குறுக்கே ஒரு பெரிய மாரா மரம் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் கண்டியிலிருந்து வந்த வாகனங்கள், இந்தப் பக்கம் நாங்களும் ஒரு பஸ்ஸும். மழை விடவில்லை. நானா இறங்கினார். என்ஜினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏற்றத்தில் மறுபடி உயிர் வராது, தள்ள வேண்டும். முன்னால் இருந்த பிள்ளைகள் எல்லாரும் மரம் வெட்டுவதைப் பார்க்க இறங்கி ஓடினார்கள். நாங்கள் ஐந்து பேரும் இறங்கவில்லை. யாராவது அந்தச் சூட்டை விட்டு மழையில் இறங்குவார்களா?

எனக்குக் கடைசியாக நினைவிருப்பது தம்பியின் தலை என் தோளில் சாய்ந்ததும், அது மிகவும் கனமாக இருந்ததும்தான். தலைவலிகூட நின்றுவிட்டிருந்தது.

வெளியே அரை மணி நேரம் போயிருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு சிங்கள அம்மா தார்ப்பாயைக் கொஞ்சம் விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமே போடாத நல்ல பிள்ளைகள், கன்னம் எல்லாம் என்ன சிவப்பு என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்து ரசித்திருக்கிறார்கள். நானாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. தார்ப்பாயைக் கவனமாக மறுபடி கட்டிவிட்டார்.

மரம் வெட்ட வந்த சூளை ஆட்களோடு ஒரு பெண்ணும் வந்திருந்தாள். தலையில் சாக்கை முக்காடாகப் போட்டு, கை கால் எல்லாம் சுண்ணாம்பு. மழைக்கு ஒதுங்க வேனின் பின்பக்கம் வந்து நின்றவள், உள்ளிருந்து வந்த புகை நெடியை உணர்ந்து கதவு இடுக்கில் முகத்தை வைத்திருக்கிறாள். அடுத்த நிமிடம் பின்கதவைப் பிடுங்கித் திறந்து, என் தம்பியின் இரண்டு காலையும் பிடித்து இழுத்துச் சேற்றில் போட்டாள். அடுத்தது என்னை. என்னை இழுத்தபோது என் கண்ணாடி விழுந்தது, அதை மிதித்துக்கொண்டே மற்றவர்களை இழுத்தாள்.

நானா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். பிள்ளைகள் தூங்குகிறார்கள், மழையில் போட்டால் சளி பிடிக்கும் என்று கத்தினார்.

“தூங்கலங்க. செத்துக்கிட்டு இருக்குதுங்க” என்றாள் அவள். “மொதல்ல அந்த இஞ்சினை நிறுத்துங்க.”

நானா அவள் கையை விட்டார். பிறகு ஓடிப்போய் நிறுத்தினார்.

அவள் ஒவ்வொருவர் முகத்திலும் மழை படும்படி புரட்டிப் போட்டு, கன்னத்தில் பளார் பளார் என்று அறைந்தாள். எனக்கு விழுந்த அறைகள் நான்கு என்று என் வீட்டுக்காரர் எண்ணி வைத்திருக்கிறார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். நான்கு பேர் முனகினோம். தம்பி முனகவில்லை.

மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற வாகனங்களில் முதலாவது ஒரு பாண் வேன். சூளை ஆட்கள் எங்களைக் கைக்குக் கை மாற்றி, கிளைகளுக்கு மேலால் தூக்கிக் கொடுத்தார்கள். பாண் தட்டுகளுக்கு நடுவே எங்களைக் கிடத்திக்கொண்டு அந்த வேன் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குத் திரும்பியது. சூளைப் பெண் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு கூடவே வந்தாள். நான் கண் விழித்தபோது மூக்கருகே சூடான பாண் வாசம். செத்துப்போய் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். பிறகு அந்த நல்ல இடத்தின் மேல் முழுவதுமாக வாந்தி எடுத்தேன். திகன கடைவீதிக்கு முதலில் எட்டிய சேதி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு வேன் பாணை நாசமாக்கிவிட்டார்கள் என்பதுதான்.

ஆஸ்பத்திரியில் ரப்பர் வாசம் வீசும் மூடியை முகத்தில் வைத்து ஒட்சிசன் கொடுத்தார்கள். எங்களைப் பார்த்தவர் ஒரு சிங்களப் பெண் டொக்டர், நன்றாகத் தமிழ் பேசுவார். அம்மா அப்பா வந்து சேர்ந்ததும், எத்தனை நாளாகத் தலைவலி என்று கேட்டார். அம்மா பூச்சியைப் பற்றி விரிவாகச் சொல்லத் தொடங்கினார். டொக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னிடம் திரும்பினார்.

“எந்த நேரத்தில தலை வலிக்காது?”

அந்த மழைக்காலம் முழுவதும் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. சனி ஞாயிறு வலிக்காது, இடைவேளைக்குப் பிறகு வலிக்காது என்றேன். வேனில் யார் யார் எங்கே உட்காருவீர்கள் என்றார். என் வியாதியை எழுதும் கட்டில் துண்டுக் காகிதத்தின் பின்புறத்தில் ஒரு பெட்டி வரைந்து, நான் சொல்லச் சொல்லப் புள்ளி வைத்தார். பின்வரிசையில் ஐந்து புள்ளி. அதை அப்பாவிடம் காட்டினார். என்ஜின் புகையில் மணமில்லாத ஒரு வாயு இருக்கிறது, அது இரத்தத்தில் ஏறிக்கொண்டு ஒட்சிசனுக்கு இடம் விடாது, சின்னப் பிள்ளைகள் வேகமாக மூச்சு வாங்குவதால் அவர்களுக்குச் சீக்கிரம் ஏறும் என்று விளக்கினார். இரசாயனப் புத்தகத்தில் காபனோரொட்சைட்டு, கார்பன் மோனாக்சைடு, என்று அதன் பெயரை நான் படித்தது நான்கு வருடம் கழித்து. அந்தப் பக்கம் வந்ததும் எனக்கு வாய் கசந்தது.

அப்பா சட்டைப் பையிலிருந்து உடைந்த கண்ணாடியை எடுத்துக் காட்டி, அப்படியென்றால் இது வேண்டாமா என்று கேட்டார். யாரோ சேற்றிலிருந்து பொறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். டொக்டர் மிஞ்சியிருந்த ஒரு கண்ணாடித் துண்டின் வழியாக ஜன்னலைப் பார்த்துவிட்டு, மெதுவாக அப்பாவின் பையிலேயே திரும்பப் போட்டார்.

தம்பி மறுநாள் காலையில்தான் கண் திறந்தான். அதுவரை அம்மா வார்டுத் தரையிலேயே இருந்தார். வேன் நானா வெளியே, மழையில், படிக்கட்டில் இருந்தார். அப்பா அவரை அடிக்கத்தான் வெளியே போனார். போனவர் நெடுநேரம் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நானா, தான் கட்டிய பால்மாத் தகரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தார். “ஏன்ட கையாலேயே கட்டினேன் அண்ணாச்சி. காத்துப் போகாம நானே தைச்சேன்” என்று சொல்லிச் சொல்லி அழுதார். அடிக்க வேண்டிய கையை அப்பா எங்கே வைப்பது என்று தெரியாமல் நானாவின் முதுகில் வைத்திருந்தார்.

டீச்சர் தோடம்பழத்தோடு வந்தார். என் கட்டிலருகே கதிரையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது, வகுப்பில் ஜன்னல் பக்கத்து இடத்தைத் தருவதாகச் சொன்னார். மன்னிப்பு என்று அவர் சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவுமில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். தம்பி வீட்டுக்கு வந்து நன்றாகத்தான் விளையாடினான். மூன்றாவது வாரத்தில் நடை தள்ளாடத் தொடங்கியது. சொற்கள் இடம் மாறின. பூனையைக் குடை என்றான், அம்மாவைப் பார்த்து டீச்சர் என்றான். மழை வருகிறது, பூனையை எடுத்துக்கொண்டு போ என்று அவன் சொன்னபோது நான் உருண்டு சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை என்பதை அப்புறம்தான் பார்த்தேன். மறுபடியும் அந்த டொக்டரிடம் போனோம். சில பிள்ளைகளுக்கு இப்படிப் பிந்தி வரும், பெரும்பாலும் மெல்ல மெல்லச் சரியாகும் என்றார். பெரும்பாலும் என்ற சொல்லை அம்மா வீடுவரை சுமந்துகொண்டு வந்தார். சித்திரை பிறக்கும்வரை அவர் எந்தப் போத்தலையும் திறக்கவில்லை. தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாகக் காட்டிப் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அவன் சலித்துப்போய், இது உலக்கை, உங்களுக்கு இதுகூடத் தெரியாதா என்றான். அம்மா உலக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

அவன் முழுதாகத் தேறிய பிறகுதான் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு சூளைக்குப் போனார். ஒரு சேலையும் வெற்றிலையும் எடுத்துப் போனோம். அந்தப் பெண் சுண்ணாம்புக் கல்லை உடைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வந்து, பலகையை எடுத்துப் போட்டு, பிளேன்டீ கொடுத்தாள். அம்மா சேலையையும் வெற்றிலையையும் அவளிடம் கொடுத்தார். உனக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டார்.

அவள் சூளையின் பக்கம் பார்த்தாள்.

“எம் மூத்தவன் இந்த சூளை ஓரத்துல சூடா இருக்குன்னு படுத்தாம்மா. மழை நாளுதான். காலையில பாத்தா கன்னம் செவந்து, ராஜா மாதிரி கெடந்தான். அசந்து தூங்குறான், எழுப்ப வேணாம்னு நானே சொன்னேன்.”

அம்மா கையிலிருந்த பிளேன்டீயைக் கீழே வைத்தார். பிறகு தம்பியை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டார். அவள் அவனைத் தூக்கவில்லை, துடைத்தும் போகாத சுண்ணாம்பு கை முழுதும். குனிந்து வெளிச்சத்தில் அவன் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். வெயிலில் விளையாடி அந்தக் கோடையில் அவன் அடுப்புக்கரியாகக் கறுத்திருந்தான்.

“நல்லா கறுத்துப் போயிருக்கான்” என்றாள் சந்தோஷமாக. “இப்படியே இருக்கட்டும்.”